தம்பி அழவில்லை என்பது சாட்சியமாகுமா?

வந்த கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டினம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். மாங்காய் சீசனில் தோப்புக் கொட்டகையில் அம்மாவும் தம்பியும் காவலுக்குப் படுத்திருந்திருக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணி வாக்கில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். தம்பி பைக்கில் உட்காரவைத்துத் துப்பட்டாவால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருக்கிறான். அங்கே போய்ச் சேர்வதற்குள் கண் இமை தொங்கிவிட்டது, பேச்சு குழறியது. பிறகு ஆம்புலன்ஸ், அரசு ஆஸ்பத்திரி. காலை எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடம்பில் கடிவாய் எதுவும் தெரியவில்லை. கட்டுவிரியன் கடியாக இருக்கலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். போஸ்ட்மார்ட்டம் ஆகிவிட்டது, ரசாயனப் பரிசோதனை அறிக்கை இன்னும் வரவில்லை.

தம்பிக்கு 31 வயது. ஓசூரில் லேத் பட்டறை வேலை. கல்யாணம் வேண்டாம் என்கிறான், விசேஷங்களுக்கு வருவதில்லை, மொய்யை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புவான். சாவில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மறுநாள் பால் தெளித்த கையோடு, வியாபாரியின் வண்டி வருகிறது என்று பெங்களூரா ரக மாங்காய் பறிக்கப் போய்விட்டான். "பெத்தவ போனதுக்கே அழாதவன் எதையும் செய்வான்" என்று சித்தப்பா ஊரெல்லாம் பேசி, ஸ்டேஷனிலும் போய்ச் சொல்லியிருக்கிறார். இப்போது அவன் வீட்டுக்கே வராமல் தோப்புக் கொட்டகையிலேயே படுத்துக்கொள்கிறானாம். அக்கா கேட்பது இரண்டு: இவனுக்கு மனக்கோளாறு ஏதாவது இருக்குமா? அழாததை வைத்து இவன்மேல் கேஸ் வருமா?

நான் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நெடுங்காலமாகக் குற்றவியல் வழக்குகள் நடத்துபவன். அதனால் இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். அதில் எனக்குத் தயக்கமில்லை.

சாவு இயற்கையானதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போலீஸ் விசாரித்தே ஆகவேண்டும். முன்பு குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 174-வது பிரிவு என்று சொல்வோம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-வது பிரிவு. பாம்புக்கடியோ, கிணற்றில் விழுந்ததோ, மின்சாரம் தாக்கியதோ, எல்லாவற்றுக்கும் இதே நடைமுறைதான். சாவுக்கு என்ன காரணம் என்று தோன்றுகிறது என்பதைக் கண்டு எழுதுவதோடு இந்த விசாரணையின் வேலை முடிந்தது. யார் அழுதார், யார் அழவில்லை என்று கணக்கெடுப்பது அதன் வேலை இல்லை. சித்தப்பா சொன்னதை அவர்கள் ஒரு வாக்குமூலமாக எழுதி வைத்திருக்கலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கடிவாய் இல்லை என்பதுதான் சித்தப்பாவுக்குப் பெரிய துருப்புச்சீட்டு என்று நினைக்கிறேன். கட்டுவிரியனைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். அதன் பல் சிறியது. ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களின் பாய்க்குள் வந்து கடிக்கும். நல்ல பாம்போ கண்ணாடிவிரியனோ கடித்தது போல வீக்கமும் வலியும் இருக்காது, பல பேருக்குக் கடித்ததே தெரியாது. சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, அப்புறம் இமை தொங்குதல், நாக்குக் குழறல், கடைசியில் மூச்சு நின்றுபோதல். நீங்கள் எழுதியிருக்கும் வரிசை அப்படியே இதுதான். ரசாயனப் பரிசோதனையில் "விஷம் ஏதும் கண்டறியப்படவில்லை" என்று வந்தால், பாம்பும் கடிக்கவில்லையே என்று சித்தப்பா மறுபடி ஆரம்பிப்பார். வழக்கமான பரிசோதனை பூச்சிமருந்து மாதிரியான நஞ்சுகளைத்தான் தேடும், பாம்பு விஷத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. ஆக, அப்படி ஒரு அறிக்கை வந்தால் அது உங்கள் தம்பிக்குச் சாதகமானதுதான்.

சரி, அழாததற்கு வருவோம். ஒருவனுடைய நடத்தையை, சம்பவத்துக்கு முன்னும் பின்னும், நீதிமன்றம் பார்க்கலாம் என்று சட்டம் இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 8-வது பிரிவு, புதியதான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 6-வது. ரத்தக்கறைச் சட்டையைக் கொளுத்தியது, தலைமறைவானது, பொய்ப் பெயரில் லாட்ஜ் எடுத்தது, இவையெல்லாம் அதில் வரும். இந்தப் பிரிவுக்குள்தான் சில வக்கீல்கள் கண்ணீரையும் நைசாக நுழைக்கப் பார்ப்பார்கள். ஆனால் அதே சட்டம் இன்னொரு கதவைச் சாத்தியும் வைத்திருக்கிறது: குற்றம் சாட்டப்பட்டவன் கெட்ட குணமுடையவன் என்பதை அவனுக்கு எதிரான சாட்சியமாகக் கொண்டுவரக் கூடாது, தான் நல்லவன் என்று அவனே முதலில் ஆதாரம் காட்டினால் தவிர. கல்நெஞ்சுக்காரன், ஒட்டாதவன், மொய் எழுத நேரில் வராதவன் என்பதெல்லாம் குணத்தைப் பற்றிய பேச்சு. வழக்கு என்று ஒன்று வந்தாலும் இதெல்லாம் அங்கே எடுபடாது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். தொழிலுக்கு வந்து ஆறேழு வருஷம் இருக்கும். பாலக்கோடு பக்கம் ஒரு கொலை வழக்கு. நான் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல். செத்தவரின் மனைவிதான் முக்கிய சாட்சி. கொட்டகையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொன்னார். குறுக்கு விசாரணையில் அவரை நான் பிடித்தது ஒரே இடத்தில்: "உன் புருஷன் வெட்டுப்பட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்தாய் என்கிறாய். நீ கத்தவில்லை. ஓடிப்போய் மேலே விழுந்து அழவில்லை. அப்புறம் என்னதான் செய்தாய்?" அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "மாடு அவுத்துக்கிச்சுங்க. ரோட்டுப் பக்கம் ஓடுச்சு. புடிச்சுக் கட்டினேன்" என்றார். கோர்ட்டில் ஒரு சத்தமில்லை. நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொண்டார். பொய் சொல்ல வந்த ஒருத்திக்கு அந்த மாடு தோன்றியே இருக்காது என்பது எனக்கே அந்த நிமிஷம் தெரிந்துபோனது. என் கட்சிக்காரருக்குத் தண்டனை கிடைத்தது. சாட்சி அழவில்லை என்பதை வைத்து அதற்குப் பிறகு நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

நான் முன்பே படித்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டேன். 1983-லேயே ராணா பிரதாப் எதிர் ஹரியானா அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசி முடித்துவிட்டது. எழுதியவர் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி. கொலையைப் பார்க்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்வார்கள். சிலர் வாயடைத்துப்போய் நின்ற இடத்திலேயே நிற்பார்கள், சிலர் ஓலமிடுவார்கள், சிலர் உதவிக்குக் கூப்பிடுவார்கள், சிலர் தப்பித்தால் போதுமென்று ஓடுவார்கள், சிலர் காப்பாற்றப் பாய்வார்கள். இப்படித்தான் நடக்கவேண்டும் என்று விதி கிடையாது, குறிப்பிட்ட மாதிரி நடக்கவில்லை என்பதற்காக ஒரு சாட்சியைத் தள்ளிவிடுவது நடப்புக்கே பொருந்தாது என்பது அதன் சாரம். சாட்சிக்குச் சொன்னது மகனுக்குப் பொருந்தாமல் போகுமா?

பொருந்தாமல் போன ஊர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1980 ஆகஸ்டில் உலுரு பாறைக்குப் பக்கத்தில் முகாமிட்டிருந்த லிண்டி சேம்பர்லெய்ன் என்ற பெண்ணின் ஒன்பது வாரக் குழந்தையை டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிக்கொண்டு போனது. அவர் டிவியில் நிதானமாகப் பேசினார், எதிர்பார்த்தபடி உடையவில்லை. "தாயா இவள்?" என்று நாடே கேட்டது. 1982-ல் அவருக்கு ஆயுள் தண்டனை. ஆய்வகத்தில் ரத்தம் என்று சொல்லப்பட்டது பின்னால் நிற்காமல் போனது. 1986-ல் குழந்தையின் மேல்சட்டை, நாய்கள் வளை வைத்திருக்கும் பகுதியில் கிடைத்த பிறகுதான் அவரை வெளியே விட்டார்கள். 1988-ல் தீர்ப்பு ரத்தானது. டிங்கோதான் கொன்றது என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தது 2012-ல். 32 வருஷம்! தவறான அறிவியல் சாட்சியம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த முகம் அழுதிருந்தால் அந்தச் சாட்சியத்தை இன்னும் கொஞ்சம் உரசிப் பார்த்திருப்பார்கள்.

இந்த இடத்தில் ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' நாவலைச் சொல்லாமல் போனால் படித்தவர்கள் என்னைத் திட்டுவார்கள். 1942-ல் பிரெஞ்சில் வந்தது, வெ. ஸ்ரீராம் தமிழாக்கியிருக்கிறார். அதன் நாயகன் அம்மா சாவுக்கு அழமாட்டான். பிரேதத்தின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பான், பிணத்தருகே பால் விட்ட காபி குடிப்பான், சிகரெட் பிடிப்பான், மறுநாள் கடலில் குளித்துவிட்டு ஒரு பெண்ணோடு சிரிப்புப் படம் பார்ப்பான். பிறகு கடற்கரையில் ஒரு அரபு ஆளைச் சுட்டுக் கொல்வான். வழக்கு நடக்கும்போது அரசு வக்கீல் கொலையை விட்டுவிட்டு அந்தக் காபியைப் பற்றித்தான் பேசுவார். அம்மாவின் சாவுக்கு அழாதவனுக்கு நம் சமுதாயத்தில் மரண தண்டனை கிடைக்கும் அபாயம் உண்டு என்று காம்யுவே பின்னாளில் இதைச் சுருக்கிச் சொன்னார்.

ஓசூரிலும் சேலத்திலும் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒட்டாமல் இருப்பதே நேர்மை, அழுகிறவன் எல்லாம் நடிக்கிறான் என்று பேசும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வக்கீலாக எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. அவன் ஒரு ஆளைக் கொன்றிருக்கிறான். விழுந்து கிடந்தவனை மேலும் நான்கு முறை சுட்டிருக்கிறான். செத்தவனுக்கு நாவலில் ஒரு பெயர்கூட இல்லை, அவனுக்காக யார் அழுதார்கள் என்று யாருக்கும் தெரியாது. அழாததற்காக ஒருவனைத் தூக்கில் போடுவது அநியாயம் என்று சொல்லும்போதே, கொன்றதை மறந்துவிடக்கூடாது அல்லவா? உங்கள் தம்பிக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். இவன் யாரையும் எதுவும் செய்யவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு அம்மாவை முதுகோடு கட்டிக்கொண்டு பைக் ஓட்டியிருக்கிறான். காம்யு பற்றி இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். அவருடைய அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, எழுத்து தெரியாது, வீடுகளில் துப்புரவு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர், மிகக் குறைவாகவே பேசுவார். பேச்சில்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளை அவர்.

இனி ஊர்ப் பக்கம். சித்தப்பாவைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஊர் கண்ணீரை ஏன் இவ்வளவு கறாராகக் கேட்கிறது என்று யோசித்தால், அது வெறும் வம்பு இல்லை.

நம் பக்கத்துச் சாவு வீட்டை நினைத்துப் பாருங்கள். பறைச் சத்தம் கேட்கிறது. அசலூர்ப் பெண்கள் தெருமுனையில் இறங்கும்வரை சாதாரணமாகப் பேசிக்கொண்டு வருகிறார்கள். வாசலை மிதித்ததும் கூந்தல் அவிழ்கிறது, குரல் எழுகிறது. உள்ளே இருப்பவர்கள் எழுந்து வந்து தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்காருகிறார்கள். ஒப்பாரி ஆரம்பிக்கிறது. பத்து நிமிஷம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "எப்பம்மா எடுக்குறாங்க?" என்று கேட்கிறார்கள். இதை நடிப்பு என்று சொன்னால் அது தப்பு. உறவில் எனக்கும் இவளுக்கும் என்ன பாத்தியதை என்று சபையில் எழுந்து சொல்வது அது. ஒப்பாரியில் யாரும் பொதுவாக அழுவதில்லை. என்னைப் பெத்த அம்மா, எனக்குச் சீர் செஞ்ச அண்ணா என்று முறை சொல்லித்தான் அழுவார்கள். ஒருவிதத்தில் பார்த்தால் வாயால் எழுதும் பத்திரம்தான்.

கருமாதிக்கு முந்தின ராத்திரி நம் பக்கம் கர்ண மோட்சம் கூத்து வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் குந்தி வரும் கட்டம் எனக்கு எப்போதும் விசித்திரமாக இருக்கும். பெற்று ஆற்றில் விட்டவள். பிள்ளை உயிரோடு இருந்த காலமெல்லாம் சபையில் அவனைத் தன் பிள்ளை என்று சொல்லாதவள். அவன் தேர்ப்பாகன் மகன் என்று ஏச்சு வாங்கும்போதும் வாய் திறக்காதவள். வில்லிபுத்தூரார் சொல்லும் பாரதத்தில் கர்ணன் அவளிடம் கேட்கும் வரங்களில் ஒன்று என்ன? நான் களத்தில் விழும்போது வந்து மடியில் எடுத்துவைத்து, உன் மகன் என்று உலகறியச் சொல்லவேண்டும் என்பது. அவள் வந்து அழுகிறாள், அப்போதுதான் பாண்டவர்களுக்கே அவன் அண்ணன் என்று தெரிகிறது. அந்த அழுகையில் சோகம் இல்லை என்று யார் சொல்வார்கள்? ஆனால் அதைவிட அதில் ஒரு வாக்குமூலம் இருக்கிறது. விடியவிடிய இந்தக் கூத்தைப் பார்த்து வளர்ந்த ஊர், பெற்றவள் சாவில் மகன் வாயைத் திறக்கவில்லை என்றால் அதை எப்படிப் படிக்கும்? "இவள் எனக்கு யாருமில்லை" என்று சொன்னதாகத்தான் படிக்கும். சித்தப்பாவும் அப்படித்தான் படித்திருக்கிறார். தோப்பு நிலத்தின் மேல் அவருக்கு ஏதாவது கண் இருக்கிறதா என்பது வேறு விஷயம். அதை நீங்கள்தான் சொல்லவேண்டும்.

ஒரு கேள்வியை மட்டும் ஊரிடம் கேட்கத்தான் வேண்டும். இதே பையன் ஆறு வயதில் முள் குத்தி அழுதபோது "பொம்பள மாதிரி அழுவாத" என்று முதுகில் வைத்தது யார்? பத்து வயதில் அப்பா அடித்தபோது அழக்கூடாது என்று சொன்னது யார்? 25 வருஷமாக அடைத்துக்கொண்டு வந்த குழாயை ஒரு நாள் மதியம், பிணம் எடுக்கும் நேரத்தில், சரியாகத் திறக்கவேண்டும் என்கிறார்கள். திறந்தாலும் அளவாக. அடித்துப் புரண்டு அழுதிருந்தால் "ஆம்பளப் பையன், கொஞ்சம் தைரியமா இருக்கக் கூடாதா" என்று அதற்கும் ஒரு பேச்சு வந்திருக்கும். எந்த இடத்தில் எந்த உணர்ச்சி எவ்வளவு இருக்கவேண்டும் என்று சமூகம் சொல்லாமல் வைத்திருக்கும் சட்டத்துக்கு ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1979-ல் உணர்ச்சி விதிகள் என்று பெயர் வைத்தார். விமானப் பணிப்பெண்களின் புன்னகையை வைத்துப் பிறகு விரிவாக எழுதினார். நமக்குத் தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, அழுகைக்கு இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பது), அசைவு (நிலை கெடுவது), வறுமை என்று நான்கு காரணம் காட்டுகிறது. இழவு வந்தால் அழுகை வரலாம் என்கிறது. வந்தே தீரவேண்டும் என்று எனக்குத் தெரிந்து அதில் இல்லை. அது இலக்கணம், சித்தப்பா பேசுவது ஊர்ச் சட்டம்.

இப்போது முதல் கேள்வி, அவன் மனதுக்கு ஏதாவது குறையா என்பது. நான் டாக்டர் இல்லை. வழக்குகளுக்காகப் படித்ததையும், மனநல மருத்துவர்களைச் சாட்சிக் கூண்டில் வைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

சாவில் அழாதவன் துக்கத்தை உள்ளே பூட்டி வைத்திருக்கிறான், அது ஒரு நாள் வெடிக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்த எண்ணத்துக்குப் படிப்புப் பின்புலமும் உண்டு. 1937-ல் ஹெலன் டாய்ட்ச் என்ற உளப்பகுப்பாய்வாளர் கிட்டத்தட்ட இதையே எழுதினார். ஆனால் ஜார்ஜ் பொனானோ என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும், கணவனையோ மனைவியையோ இழந்தவர்களை, இழப்புக்கு முன்பிருந்தே பல வருஷம் தொடர்ந்து கவனித்த விவரங்களை 2002-ல் வெளியிட்டார்கள். அதில் ஏறக்குறைய பாதிப் பேர் பெரிதாக நிலைகுலையவே இல்லை, பின்னாலும் வெடிக்கவில்லை. அவர்கள் அன்பில்லாதவர்கள் என்றும் அதில் தெரியவில்லை. ஆக, அழாததை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல இடமில்லை.

நீங்கள் எழுதியதில் வேறொரு வரிதான் என் கண்ணில் பட்டது. "அம்மா இல்லாம கஷ்டமா இருக்காடா?" என்று கேட்டால் "தெரியல" என்கிறான், எரிச்சலாக வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தத் "தெரியல" உண்மையாகவே தெரியாததாக இருக்கலாம். நெஞ்சு அடைக்கும், வயிறு பிசையும், தூக்கம் வராது, ஆனால் அதன் பெயர் துக்கம் என்று சொல்ல வார்த்தை வராத மனிதர்கள் இருக்கிறார்கள். 1970-களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மருத்துவர் இதற்கு அலெக்சிதைமியா என்று பெயர் வைத்தார். உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை என்பதுதான் அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். இது ஒரு இயல்பு, தனி நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஆட்டிசம் கொஞ்சம் உள்ளவர்களிடமும் இது அதிகம் காணப்படும். இவை தவிர, சிறு வயதிலிருந்தே தனிமைதான் பிடிக்கும், பாராட்டும் ஏச்சும் ஒன்றுபோல, நெருக்கமே வேண்டாம் என்று இருப்பவர்களும் உண்டு. உங்கள் தம்பி இதில் எது என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்வது அயோக்கியத்தனம். சொல்லவும் மாட்டேன். எதுவுமே இல்லாமல் பேச்சு குறைந்த ஒரு ஆளாகவும் இருக்கலாம். ஊரில் முன்பு அப்படிப்பட்டவர்கள் மாடு மேய்த்துக்கொண்டு, ஏற்றம் இறைத்துக்கொண்டு, யாரும் ஒன்றும் கேட்காமல் வாழ்ந்து முடித்தார்கள். என் தாத்தாவே அப்படி ஒருவர்.

மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டியது எப்போது என்றால், ஆள் மாறினால். எப்போதும் பேசாதவன் இப்போதும் பேசவில்லை என்றால் அது மாற்றமில்லை. சாப்பாடு நின்றதா, ராத்திரி முழுக்க முழித்திருக்கிறானா, பட்டறைக்குப் போவதை விட்டுவிட்டானா, புதிதாகக் குடிக்கிறானா, "நானும் அப்பவே கூடப் போயிருக்கணும்" என்ற மாதிரி ஏதாவது வாயில் வருகிறதா, தன்னிடம் இருப்பதை எல்லாம் பிரித்துக் கொடுக்கிறானா? இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓசூரில் இருப்பவனுக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை பக்கம்தான். போனில் பேசினால் போதும் என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். அவன் பேசமாட்டான், தெரியும். நீங்கள் பேசுங்கள். இப்படி ஒரு தம்பி, என்ன செய்யட்டும் என்று கேளுங்கள்.

அவனை உட்காரவைத்து அழவைக்கப் பார்க்காதீர்கள். பெரியவர்கள் நல்ல எண்ணத்தோடு அம்மா போட்டோவை முன்னால் வைத்து "அழுதுடுறா" என்பார்கள். பலன் இருக்காது, அவன் ஊருக்கு வருவது நிற்கும், அவ்வளவுதான். ஊருக்குச் செய்யவேண்டியதில் அவன் ஒன்றையும் குறை வைக்கவில்லை என்பதை உங்கள் கேள்வியிலிருந்தே எடுத்துக்கொண்டேன். கடைசிப் பிள்ளையாக மொட்டை போட்டான், கொள்ளி வைத்தான், மறுநாள் பால் தெளித்தான். மாங்காய் பறிக்கப் போனது பற்றி எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்தக் காய்களுக்காகத்தான் அம்மா அந்தக் கொட்டகையில் படுத்திருந்தார். வியாபாரிக்கு வாக்கு கொடுத்ததும் அவராகத்தான் இருக்கும். இது என் ஊகம், அவனிடம் கேட்டால் "வண்டி வந்துடுச்சு" என்றுதான் சொல்லுவான். அந்தப் பதிலும் சரியான பதில்தான்.

சித்தப்பாவை நீங்கள் தனியாகப் போய்ப் பார்க்கவேண்டாம். தாய்மாமா யாராவது இருந்தால் அவரை வைத்து, வருஷத் திதிக்கு முன்னால் ஒரு நாள் உட்காருங்கள். "இவங்க அம்மா பாம்பு கடிச்சுச் செத்திருக்கலாம்னு டாக்டர் எழுதியிருக்கார். வேற ஏதாவது தெரிஞ்சா எழுத்துல கொடுங்க" என்று மாமா கேட்கட்டும். வாயால் பேசுகிறவர்களில் பாதிப் பேர் எழுத்து என்றதும் ஓய்ந்துவிடுவார்கள். ஓயவில்லை என்றால் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையின் நகலும், சுகாதார நிலையத்தில் அந்த விடியற்காலை போட்ட பதிவும் உங்கள் கையில் இருக்கட்டும். தம்பி எத்தனை மணிக்கு அம்மாவைக் கொண்டுவந்து சேர்த்தான் என்று அதில் இருக்கும். போலீஸ் மறுபடி கூப்பிட்டால் அவன் தனியாகப் போகவேண்டாம், ஒரு வக்கீலோடு போகட்டும். அவனை முன்கூட்டியே தயார்ப்படுத்துங்கள், அழச்சொல்லி இல்லை. அன்றைக்கு நடந்ததை மணிக்கணக்கோடு வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். இந்த மாதிரி ஆட்களுக்கு அது நன்றாக வரும்.

கடைசியாக, வீட்டுக்கே வராமல் தோப்பில் படுக்கிறான் என்று ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா படுத்த அதே இடத்தில், தரையில், அதே பாயில் படுக்கிறானா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். ஏன் என்று கேட்கவேண்டாம். ஒரு கயிற்றுக் கட்டில் கொண்டுபோய்ப் போடுங்கள், கொசுவலை ஒன்று வாங்கி நான்கு பக்கமும் படுக்கைக்கு அடியில் செருகிவிடுங்கள். கட்டுவிரியன் உள்ளே வராமல் இருக்க அது போதும். டார்ச் லைட்டும் ஒன்று வையுங்கள். பழுப்புப் பாய்ந்த பழைய பாயைத் தூக்கிப் போடாதீர்கள், சுருட்டி மேலே கட்டித் தொங்கவிடுங்கள். அதை எடுத்தது யார் என்று அவன் கேட்டாலும் கேட்பான்.